போர் விமானத்துக்கு வைத்த பொட்டு

கணினியில் தன் போர் விமானத்துக்குப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள் என் மகள். அந்தப் பச்சையைப் பார்த்ததும் திண்டிவனம் வீட்டுக் கூடத்துக்கே போய்விட்டேன்.

எண்பதுகளில் ஒரு கோடை. வளைகுடாவில் கப்பல் வேலை பார்த்த சித்தப்பா, லீவில் வந்தபோது டிவியில் மாட்டி ஆடும் விமானச் சண்டை விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. ஆனால் திரையில் விமானம் நடுவிலேயே நிற்கும், கடல்தான் நகரும். அதனால் அக்கா பச்சைக் கண்ணாடித்தாளை விமானத்தின் அளவுக்கு வெட்டி, எச்சில் தொட்டுத் திரையில் ஒட்டினாள். இறக்கைக்கு ஒன்றாகத் தன் ஸ்டிக்கர் பொட்டையும் வைத்தாள். வறுத்த மல்லாட்டையை ஓடு உடைத்துக் கொறித்தபடி காலையெல்லாம் கப்பல்களை மூழ்கடித்தோம்.

"கொஞ்சம் குடுடா" என்று சித்தப்பா என் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். ஒரு கப்பலுக்கு மேல் தாழப் பறந்தார். திரும்பி வந்து மறுபடியும் பறந்தார். சுடவே இல்லை.

"சுடுங்க சித்தப்பா!" என்று கத்தினேன்.

"இருடா. போன வருசம் அங்க நடந்த சண்டையில இந்த மாதிரிதான் ஒரு பிளேன் வந்துச்சு. நானும் கூட்டாளியும் டெக்குல நின்னுக்கினு கைய ஆட்டினோம். குண்டு போட்டுட்டான். கூட்டாளி போய்ட்டான்." திரையை விரலால் தொட்டார். "மேலேர்ந்து பாத்தா ஒருத்தருமே தெரியல, பாரு."

காலையிலிருந்து எங்கள் சித்தப்பாவின் மீதா சுட்டுக்கொண்டிருந்தோம்?

மகள் என் சட்டையை இழுத்தாள். பச்சை விமானம் ஒரு கப்பலை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. அவள் விரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது.

"சூப்பர்ப்பா! டெக்ல நிக்கிற ஆளுங்ககூடத் தெரியறாங்க, பாருங்க."