கோப்பில் ஐந்தாம் தாள்

சான் எலாதியோ ஊரின் பதிவு அலுவலகத்தில் எலிதா பெரஸ்ஸோ இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறப்புகளை எழுதிவந்தாள். அவ்வூர் இளைஞர்களில் பெரும்பாலோரின் பெயர் அவள் கையெழுத்தில்தான் ஏடேறியது. தாள்களை எண்ணிப் பாராமல் அவள் ஒரு கோப்பையும் மூடியதில்லை.

திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் அவளுக்குப் பிள்ளையில்லை. நான்கு முறை சிகிச்சை தோற்றபின், ரொசாரியோ நகரத்து மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

"கருப்பை நல்லா இருக்கு சென்யோரா. கருமுட்டைதான் தளர்ந்துபோச்சு. இன்னொரு பெண் தானமா குடுக்கிற முட்டையை வெச்சு முயற்சி பண்ணலாம்."

பக்கத்தில் இருந்த கணவன் ஒராசியோ, குழந்தைக்கு யார் சாயல் வரும் என்று கேட்டான். எலிதா கேட்டது வேறு.

"பிள்ளை வளர்ந்து அந்தப் பெண் யாருன்னு கேட்டா, தேடறதுக்கு வழி இருக்குமா டாக்டர்?"

"இருக்கு. நீங்க கையெழுத்துப் போடற சம்மதப் பத்திரத்தைப் பிறப்புக் கோப்புல சேர்த்துடணும். சான்றிதழ்ல அதைப்பத்தி ஒரு எழுத்தும் வராது."

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நாற்பது வயதிருக்கும் ஒருவர் தம்மைப் பெற்றவளைத் தேடிக்கொண்டு அவளது மேசைக்கு வந்தார். பழைய ஏட்டில் இருந்ததோ, வளர்த்தவளே பெற்றாள் என்ற ஒரு பொய் வரி. "வேற ஒரு தாள்கூட இல்லையா, சென்யோரா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். இல்லை என்று சொன்ன அன்று எலிதாவுக்கு மதிய உணவு இறங்கவில்லை.

முகமறியாத ஒருத்தி ஊசிகளைப் பொறுத்துக்கொண்டு கொடுத்த முட்டையில், ஒராசியோவின் உயிரணு சேர்ந்து, எலிதாவின் வயிற்றில் வளர்ந்து, அவளது நாற்பத்து நான்காம் வயதில் செலினா பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "கண்ணு அப்படியே எலிதாதான்" என்றார்கள். எலிதா சிரித்தாள். ஒராசியோ அந்தப் பேச்சை இறுகப் பிடித்துக்கொண்டான். வீட்டில் அவனுக்கு அவள் ஒல்லி, அவளுக்கு அவன் குண்டு.

"ஒல்லி, அந்தப் பத்திரம் வேண்டாமே. ஆபீஸ்ல உனக்குப் பதிலா எழுதப்போறது நில்தா. அவ வாயில ஒண்ணு விழுந்தா ரேடியோவே தேவையில்ல."

"எனக்கு நில்தாவைப்பத்திக் கவலையில்ல, குண்டு. இவ ஒருநாள் அந்த மேசைக்கு முன்னால வந்து நின்னா என்ன பண்றது?"

அவன் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டான்.

சொந்தப் பிள்ளையின் பதிவைத் தானே எழுதக்கூடாது என்பதால், செவ்வாய்க்கிழமை காலை எலிதா முதன்முறையாக அந்த மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்தாள். நில்தா மாத்தே தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றியபடியே குழந்தையை எட்டிப்பார்த்தாள்.

"அடியே, இந்தக் கண்ணைப் பாரு! உன்னை அச்சடிச்சு வெச்ச மாதிரி! கோப்பைக் குடு."

எலிதா கொடுக்குமுன் விரலால் புரட்டினாள். மருத்துவமனைச் சான்று, திருமணச் சான்று, இரண்டு அடையாளச் சீட்டுகளின் நகல். நான்கு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஐந்து இருந்தன.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தான்.

நான்கு தாளே போதுமானது. நில்தா எதையும் கேட்டிருக்கமாட்டாள். எலிதா ஒரு சொல் சொல்லாமல் இருந்தால், ஊரும் கணவனும் நிம்மதியாக இருப்பார்கள். மடியில் உறங்கும் ஒருத்தி மட்டும் என்றாவது வந்து வெறுங்கையோடு திரும்புவாள்.

"குண்டு, ஒரு தாள் குறையுது" என்றாள், அலுவலகக் குரலில்.

"வீட்லயே விட்டுட்டியோ என்னவோ."

"நான் தாளை விட்டுட்டு வந்து நீ எப்பவாவது பாத்திருக்கியா?"

நில்தா குடுவையை வைத்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒராசியோவின் காது சிவந்தது. மேலங்கியின் உள்பையிலிருந்து நான்காக மடித்த பத்திரத்தை எடுத்து, மேசையில் வைத்து, மடிப்புகளைத் தன் கையாலேயே நீவினான்.

"எழுதிக்கோ நில்தா. முட்டை இன்னொரு பெண் குடுத்தது. பெத்தவ இவ. ஊருக்குச் சொல்றதா இருந்தா, சரியாச் சொல்லு."

நில்தா பத்திரத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். முத்திரையை எடுத்து இருமுறை அழுத்தினாள்.

"சரியாவே சொல்றேன். அப்ப இந்த மூக்கு?"

"அது என்னோடது, பாவம்" என்றான் ஒராசியோ.

நில்தாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. குடுவையை ஒராசியோவிடம் நீட்டினாள். எலிதா உறங்கும் குழந்தையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மறுகையால் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, மீண்டும் எண்ணினாள். ஐந்து. அதன்பின்தான் நாடாவைக் கட்டினாள்.