எதிர் மனை

மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரி பக்கம் போகிற சாலையில், உப்பளம் முடிகிற இடத்தில், புதிதாக மனை பிரித்த ஒரு நகரின் ஆர்ச் இருக்கிறது. அதன் மேல் இரண்டு சிமென்ட் யானைகள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஆர்ச்சுக்குள் முதலில் வீடு கட்டியவன் நான்தான். அகலமான ரோடு, வரிசையாகத் தெரு விளக்கு, தெருவுக்குத் தெரு ஒரு பூவின் பெயர். எங்களுடையது முல்லைத் தெரு. அங்கிருந்த உப்புத் தண்ணீருக்கு எந்த முல்லைக்கொடியும் தாங்கவில்லை என்பது வேறு விஷயம். மனைகளின் மூலையில் நட்டிருந்த வெள்ளையடித்த கற்களில் ஆடுகள் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். மனை வாங்கியவர்கள் எல்லாம் சென்னையிலும் வெளிநாட்டிலும் உட்கார்ந்து விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். குடியிருக்க வந்த மடையன் நான் ஒருவன்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. புதுச்சேரியில் ஒரு டயர் கடையில் எனக்கு வேலை. காலையில் பஸ் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். அதுவரை என் மனைவி தனியாக இருப்பாள். திண்டிவனம் பக்கம் எங்கள் கிராமத்தில் இருந்தபோது, அக்கம்பக்கத்தார் வாய்க்குப் பயந்துதான் எங்கேயாவது தள்ளிப் போய்விடலாம் என்றாள். தள்ளி வந்தபின் பேச்சுக்கு ஆளில்லாமல் தவித்தாள்.

"சண்டை போடவாவது ஒரு ஆள் வேணாங்களா?" என்பாள்.

டிவியைப் போட்டுக்கொள் என்பேன்.

பிறகு எதிர் மனையில் செங்கல் வந்து இறங்கியது. அன்றிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். கொத்தனார்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கொடுத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள், பதிலுக்கு அந்த வீட்டுக்காரர்களைப் பற்றி எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். கணவன் குவைத்தில் இருக்கிறான். மனைவியும் ஒரு மகளும் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீடு முடிந்ததும் இங்கேயே வந்துவிடப் போகிறார்கள். எல்லாம் போனிலேயே நடந்தது. மேஸ்திரிதான் அவர்களுக்குக் கண்ணும் காதும்.

"அந்தம்மா நல்லா பேசுவாங்களாம். சமையல்கட்டு ஜன்னலை ரோட்டுப் பக்கமா வைக்கச் சொல்லிட்டேன்" என்றாள் ஒருநாள்.

"யார் வீட்டு ஜன்னலுக்கு யாருடி சொல்றது?"

"மேஸ்திரி போன்ல கேட்டாரு. எதிர் வீட்டம்மா ஆசப்படுறாங்கன்னு சொன்னாராம். அவங்களும் சரின்னுட்டாங்க."

முகம் பார்த்திராத ஒருத்தியோடு அவள் அதற்குள் சிநேகமாகிவிட்டாள். கிரகப்பிரவேசப் பத்திரிகையை மேஸ்திரிதான் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். விடிவதற்குள் போய்விட்டாள். டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. போய் டீ குடிக்கவும் இல்லை. அழுகை வரவில்லை. உடம்பு யாரோ ஒருவருடையதுபோல் இருந்தது, நான் அதைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன்.

ஒரே ஒரு விஷயம்தான் மண்டைக்குள் ஓடியது. எதிர் வீட்டில் இன்று பால் காய்ச்சுகிறார்கள். தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கிறவரை யார் வீட்டிலும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். நல்ல காரியத்துக்குப் பேச்சே இல்லை. ஹோமம் நடக்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் போய் நின்றால் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கே போய்விடும். இவள் இத்தனை நாள் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அவளுக்கு நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று பட்டது. உடம்பை மார்ச்சுவரியில் வைக்கச் சொல்லிவிட்டு ஊரில் இருந்த அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"மதியானத்துக்கு மேல வீட்டுக்கு வாங்கண்ணே. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியிலதான் வெச்சிருப்பாங்க."

"சரிடா, சரிடா" என்றார்.

எங்கள் ஊரில் சாவுச் சேதி கேட்டுவிட்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பவர்கள் கிடையாது. கேட்ட காதோடு கிளம்ப வேண்டும், பிந்தினால் காலத்துக்கும் பேச்சு. வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் மட்டும் துணி எடுக்க மோட்டார் சைக்கிளில் திண்டிவனம் போய்விட்டார். வேனில் வந்த யாரும் என் வீட்டைப் பார்த்ததில்லை.

ஆர்ச்சில் இருந்த வாட்ச்மேனுக்குச் சாவு விஷயம் தெரியாது. வேன் நிறைய ஆட்களைப் பார்த்ததும் விசேஷத்துக்கு என்று நினைத்து, "நேரா போங்க, ஷாமியானா போட்ட வீடு" என்று கை காட்டியிருக்கிறார். வாசலில் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு வேறு அடையாளம் வேண்டாம். பெண்கள் தெருமுனையிலேயே இறங்கி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரியோடு ஓடியிருக்கிறார்கள். வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தை யாரும் பார்க்கவில்லை. அழுதுகொண்டு ஓடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், அடுப்பில் பால் இருந்தது. என் அக்கா நடு ஹாலில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பிறகு சுற்றும்முற்றும் தேடிவிட்டு, பட்டுப்புடவையில் நின்ற அந்த வீட்டுப் பெண்ணிடமே, "எங்கம்மா கெடத்தியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். "சார், இன்னா சார் இது? உங்க ஆளுங்க எல்லாம் இங்க வந்து..." என்று ஆரம்பித்தார். விடிவதற்குள் அவள் போய்விட்டாள் என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. காரியம் கெட்டுவிட்டது, இனி எதற்கு மார்ச்சுவரி என்று அவளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நான் போய் இறங்கியபோது ஷாமியானா என் வீட்டு வாசலில் இருந்தது. குவைத்காரர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேஸ்திரியோடு சேர்ந்து அதன் கயிற்றை என் கேட்டில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிகளை ரோட்டின் இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

"வேற ஷாமியானா வர லேட்டாகும்னு சொன்னாங்க. அதான்" என்றார் என்னிடம், ஏதோ தப்புச் செய்தவரைப் போல.

அவர்கள் வீட்டு விருந்துக்குச் செய்திருந்த இட்லியும் சாம்பாரும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பரிமாறப்பட்டன. கேசரியை மட்டும் மூடி வைத்துவிட்டார்கள். உள்ளே அவருடைய அம்மா கத்திக்கொண்டிருப்பது தெருவுக்கே கேட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. பால் காய்ச்சிய கையோடு சாவு வீட்டில் கால் வைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவருடைய மருமகள் அதே பட்டுப்புடவையோடு வந்து என் மனைவியின் கால்மாட்டில் நின்றார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கதானா ஜன்னல் கேட்டவங்க?" என்று மேஸ்திரியிடம் மெதுவாகக் கேட்டார்.

எங்கள் நகரின் பிளானில் பார்க்குக்கு இடம் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு உண்டு, கடைகளுக்கு உண்டு. சுடுகாட்டுக்கு மட்டும் கிடையாது. யாருக்கும் அது தோன்றவில்லை போலிருக்கிறது. அவளை ஊருக்கே கொண்டுபோய் எரித்தோம். யார் வாய்க்குப் பயந்து வந்தாளோ அவர்கள்தான் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலமே எதிர் வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். மாமியார் ஒரே பிடியாக நின்றாராம். காரியம் முடிந்து நான் திரும்பி வந்து வேலைக்குப் போனேன். சாப்பிட்டேன், தூங்கினேன். கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடம் சிரித்துக்கூடப் பேசினேன். மாதங்கள் போயின. பூட்டிய வீட்டைப் பார்க்கும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

தை பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வந்து சாமான்கள் இறங்கின. மாமியார் வரவில்லை. அந்தப் பெண்ணும் மகளும் மட்டும் வந்திருந்தார்கள். சாயங்காலம் அவர் என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நான் இந்தப் பக்கம் போய் நின்றேன்.

"வந்துட்டோம்ணா. அத்தைய சமாதானம் பண்ணத்தான் இவ்ளோ நாளாச்சு."

"சரிம்மா."

"ஒண்ணு கேக்கட்டுமா? அக்கா குரல் எப்படி இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். தினமும் கேட்ட குரல், நினைவுக்கு வரவில்லை. "உங்ககிட்ட பேசணும்னு நெறைய வெச்சிருந்தா" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். என் மனைவியோடு ஒரு வார்த்தை பேசியிராதவர். அழுது முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இங்க போர் தண்ணி உப்பும்மா, குடிக்க கேன் வாங்கிக்குங்க" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா இருந்திருந்தா, முதல்ல இதத்தான் சொல்லியிருப்பாங்களா?"

"இல்லம்மா. அவ முதல்ல உள்ள கூப்ட்டிருப்பா."

சொன்ன பிறகுதான் அவரை இவ்வளவு நேரமும் ரோட்டிலேயே நிற்க வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. கேட்டைத் திறந்தேன். வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.