வலது காலில் கியர், இடது காலில் பிரேக்

பீம்ராவ் ஐந்தடி இரண்டு அங்குலம். அவர் ஓட்டுவது புல்லட். அவர் அதை எங்கே நிறுத்தினாலும் "யாரு வண்டி இது?" என்று கேட்பார்கள். "உன் வண்டியா?" என்று கேட்பவன் எவனும் இல்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வருகிற குள்ளமான, கறுத்த ஆள் புல்லட் வைத்திருந்தால், அது முதலாளியுடையது, இல்லையென்றால் திருடியது. இந்த ஊரின் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

மிடுக்குக்காக அவர் அதை வாங்கவில்லை. வேலைக்குப் போக வாங்கினார்.

எண்ணூரைத் தாண்டி ஒரு ஆலை. பத்தொன்பது வருடமாக அங்கே குழாய் பொருத்துகிறார். இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். காலை ஆறு மணிக்கு ஷிப்டு. ஆறு பத்துக்கு கேட்டை மூடுவார்கள். மாதத்தில் மூன்று தடவை தாமதமானால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். பாஸ் போனால் வேலை போனது. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு கம்பெனி பஸ் உண்டு. அது புளியந்தோப்பு வழியாகத்தான் போகிறது. பாதி சீட்டு காலி. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி அதில் ஏறக்கூடாது என்று உடன்படிக்கையிலேயே இருக்கிறது. சங்கத்தின் சார்பில் அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அவரிடம் முன்பு ஒரு சின்ன வண்டி இருந்தது. திருவொற்றியூரில் டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்ததை ஒரு கண்டெய்னர் லாரி பின்னுக்கு வந்து நசுக்கிவிட்டுப் போனது. நிற்கவே இல்லை. அந்த மாதம் பீம்ராவ் இரண்டு தடவை தாமதம்.

அந்தச் சமயத்தில்தான் ராயபுரம் ஹென்றி வீட்டில் குழாய் மாற்றும் வேலை வந்தது. ஹென்றி கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே ஒரு புல்லட் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, முன்னால் பெரிய கண்ணாடி. லடாக் வரை போய் வந்த வண்டி. முட்டி தேய்ந்துபோய் ஓட்ட முடியாமல் வாசலில் நிறுத்திவிட்டார். விற்கப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. பழைய வண்டி என்பதால் கியர் வலது காலில் இருந்தது, பிரேக் இடது காலில். இப்போதுள்ள வண்டிகளுக்கு நேர் எதிர். ஓட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்டில் முட்டிவிட்டுப் போனார்கள்.

பீம்ராவ் உப்புக்காற்றில் அரித்துப்போன அந்த வீட்டுக் குழாய்களை எல்லாம் மாற்றிக் கொடுத்தார். கூலிக்குப் பதில் வண்டியைக் கேட்டார்.

"இது உன் பேச்ச கேக்காது பீம்ராவ். நீதான் அது பேச்ச கேக்கணும்" என்றார் ஹென்றி.

"கேட் வரிக்கும் போனா போதும் சார். இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

வண்டி நிறையச் சொன்னது. சும்மா உதைத்தால் கிளம்பாது. இடது கைப்பக்கம் ஒரு சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெதுவாக அமுக்கி, ஹெட்லைட் மேலிருக்கும் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். முதல் வாரத்திலேயே அவர் கெண்டைக்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி கிளம்பும். எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். மாடிப்படியடியில் அவர் மனைவி பூவம்மா ஒரு பழைய தட்டை வைத்தாள்.

"சொட்டு சொட்டா ஒயுவுது, வயசான காலத்துல. இதுக்கு ஒரு வைத்தியமும் இல்லியா?"

"எண்ணெ ஒயுவுறவரிக்கும் உள்ள எண்ணெ கீதுன்னு அர்த்தம்டி. நின்னாத்தான் பயப்படணும்."

எல்லாவற்றையும்விடக் கால்தான் பெரிய தொல்லை. முப்பது வருடப் பழக்கத்தில் ஆபத்து என்றதும் வலது கால்தான் அமுக்கும். அமுக்கினால் வண்டி நிற்காது. மேல் கியருக்குப் போய் முன்னால் பாயும். இரண்டாவது நாளே அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிப்போன ஒரு லாரியின் பின்புறத்தில் முட்டி முன்கண்ணாடியில் விரிசல் விட்டது. மறுநாள் இடது ஷூவில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போனார். ஆலையில் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் துணியை அவிழ்த்தார். அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தாமதமாகவில்லை. பள்ளம், சாம்பல், லாரி வரிசை எல்லாவற்றையும் கடந்து ஐந்தே முக்காலுக்கு கேட்டில் நிற்பார்.

இந்த வருடம் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. சரியாக அதே மாதம் ஆலையில் ஒரு நோட்டீஸ்: பதிவு காலாவதியான வண்டிகளுக்கு முதல் தேதியிலிருந்து உள்ளே அனுமதி இல்லை. கேட்டுக்கு வெளியே நிறுத்தவும் கூடாது. லாரிகளுக்கு இடைஞ்சலாம். ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. சம்பளம் இல்லாத லீவு போட்டுவிட்டு, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை. எல்லா ஆபீசும் ஒன்றுதான்.

வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பிறகு ஆய்வாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. வண்டியைப் பார்த்தார், பீம்ராவைப் பார்த்தார்.

"ஓனர் எங்கே?"

"நான்தான் சார்."

"நீயா? சரி, சாவி குடு."

பீம்ராவே வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். "சார், பிரேக்கு லெப்ட்ல கீது. ரைட்ல..."

"வண்டி ஓட்ட எனக்கே சொல்லித் தர்றியா? ஒதுங்கு."

ஒதுங்கினோம். ஆய்வாளர் முதல் கியர் போட்டார், இரண்டாவது போட்டார். மைதானத்தின் கடைசியில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதை நெருங்கியதும் பழக்கத்தில் வலது காலால் ஓங்கி ஒரு மிதி. வண்டி மூன்றாவது கியருக்குத் தாவியது. இன்னொரு மிதி. நாலாவது. கைப்பிரேக் ஞாபகம் வந்தபோது டயர் குவியலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அடிபடவில்லை. சட்டைதான் கறுப்பானது. வரிசையில் நின்ற நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் பீம்ராவுக்குத் தண்டனை. ஆய்வாளர் எழுந்து வந்து, தாளில் எழுதி, நீட்டினார். 'பிரேக் இல்லை. தகுதியற்றது.'

"சார், நீ மெரிச்சது கியரு."

"மரியாதையா பேசு. பிரேக் பிடிக்கல. அடுத்த மாசம் சரிபண்ணிட்டு வா. இல்ல, காயலான் கடைக்குப் போடு. இப்ப வண்டிய எடு, அடுத்தவங்க வரணும்."

பத்தொன்பது வருடத்தில் பீம்ராவ் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. போனஸ் கொடுக்காதபோதும், பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் மேலே ஏற்றியபோதும் வாயைத் திறக்காதவர். ஆலை வாசலில் நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? "வேணாம் நைனா, பேஜாரு" என்று போய்விடுவார். அன்று நடந்து போய் வண்டியின் ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். டயரில் ஏறி உட்கார்ந்தார்.

"எடுக்க மாட்டேன்."

"என்னய்யா திமிரா?"

"நீதான் பிரேக்கு இல்லன்னு எயுதிகீற. பிரேக்கு இல்லாத வண்டிய ரோட்ல ஓட்டுனா யாரு கேஸ் போடுவா? நீதான் போடுவ. நான் இன்னாத்துக்கு ஓட்டணும்? கிரேன் வச்சு தூக்கினு போ."

வண்டி நின்ற இடம் எல்லோரும் திரும்ப வேண்டிய வளைவு. அடுத்த வண்டி வரமுடியாது. இரண்டு ஊழியர்கள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். பூட்டின வண்டி எங்கே நகரும்? வரிசையில் சலசலப்பு கிளம்பியது. இனி எல்லோரும் பீம்ராவைத்தான் திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படித்தானே நடக்கும்? ஷேர் ஆட்டோ ஓட்டும் ராஜாத்தி என்கிற பெண் முன்னால் வந்தாள். அவள் ஆட்டோவும் அன்று சோதனைக்கு வந்திருந்தது.

"இன்னா சாரு, கியர மெரிச்சிட்டு பிரேக்கு இல்லன்ற. என் ஆட்டோவுல ஹாரன அமுக்கிட்டு லைட்டு எரியலன்னு எயுதுவியா?"

மறுபடி சிரிப்பு. ஆய்வாளர் முகம் சிவந்தது. "நீ யாரும்மா நடுவுல?"

"நடுவுல நான் இல்ல, வண்டி கீது. அந்தாளயே ஓட்டச் சொல்லிப் பாத்துட்டு எயுதினாத்தான் இன்னா? கொறஞ்சா பூடுவ?"

"ஆமா, ஓட்டச் சொல்லு!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். மணி பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் ஆய்வாளரை அசைத்தது, நியாயம் அல்ல.

"சரி, ஓட்டு. பாக்கலாம்."

"நீ பாக்க வேணாம்" என்றார் பீம்ராவ். "பின்னாடி குந்து."

பூட்டைத் திறந்து வண்டியை டயர்களிலிருந்து வெளியே இழுத்தார். ஆய்வாளர் உட்கார்ந்தார். வண்டி சூடு தணியாமல் இருந்தது. பீம்ராவ் அவசரப்படவில்லை. அத்தனை பேரையும் கால் மணி நேரம் காக்கவைத்து, லீவரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே உதை. கிளம்பியது. ராஜாத்தி தன் செருப்பைக் கழற்றி மைதானத்தின் நடுவில் போட்டாள்.

"இங்க நிறுத்து நைனா."

ஒரு சுற்று சுற்றி, வேகம் ஏற்றி நேராக வந்தார். இடது கால் இறங்கியது. முன்சக்கரம் செருப்பைத் தொட்டது, ஏறவில்லை. ஆய்வாளரின் மூக்கு பீம்ராவின் ஹெல்மெட்டில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஆய்வாளர் இறங்கினார். பழைய தாளைக் கிழித்தார், புதிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

இதை வெற்றி என்று யாரும் கைதட்ட வேண்டாம். சொந்த வண்டியில் சொந்த வேலைக்குப் போக ஒரு மனிதன் ஒரு நாள் கூலியை இழந்து, நாற்பது பேர் முன்னால் வித்தை காட்ட வேண்டியிருந்தது.

ஒன்றாம் தேதி காலை நான் ஆலை கேட்டுக்குப் போனேன். ஐந்து நாற்பத்தெட்டுக்கு பீம்ராவ் வந்தார். செக்யூரிட்டி தாளைக் கேட்டான். வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அந்த நேரம் பின்னால் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பாதி சீட்டு காலி.

"பஸ் வருதில்ல? ஓரமா போய்யா" என்றான் செக்யூரிட்டி.

பீம்ராவ் தாளை வாங்கி மடித்தார். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்து, பூட்டினார். ஹாரன் நிற்கவில்லை.

"இந்தத் தாள்ல ஓரமா போவணும்னு எயுதல" என்றார்.

நடு கேட்டிலேயே உள்ளே போனார். பஸ் அவர் பின்னால் மெதுவாகப் போனது.