லிம் குரலில் ஓர் அப்கிரேட்

நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற வேலையில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் நம்மை ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு விளக்கு சிவந்தால் ஊருக்கே நம் போன் நம்பர் தெரியும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இது.

பாலிடெக்னிக் பயிற்சிக்காக ஜார்ஜ்டவுனில் ஒரு தொழிற்சாலைக் கம்பெனியின் ஆபீஸில் இருக்கிறேன். குணா அண்ணன் என் சீனியர். கிளைகளில் உள்ள மெஷின்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் சாப்ட்வேருக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை புது வெர்ஷன் ஏற்ற வேண்டும். மாலை நாலுக்குள் எல்லா விளக்கும் பச்சையாகாவிட்டால் பழையதற்கே திரும்பிவிட வேண்டும். மறுபடி முயல வேண்டுமானால், தொழிற்சாலை நிற்கிற அடுத்த நாள் தைப்பூசம்தான். அன்றைக்குத்தான் அண்ணனுக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் காவடி. விரதமும் தாடியுமாக உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

மேனேஜர் பேசுகிறேன்

மெயின் சர்வரை நிறுத்தியதும் கிளைகளின் திரையெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. முன்கூட்டியே எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருந்தோம். யார் படிக்கிறார்கள்? ஆயர் ஈத்தாம் கிளையிலிருந்து கமலா அக்காவின் போன். அண்ணனைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நான் எடுத்தேன், எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம்மின் குரலில். மூக்கால் ஓர் இழுப்பு, நடுவில் ஓர் இருமல், அச்சு அசல் லிம். சாயங்காலம் வரை ஒருத்தரும் போன் பண்ணக் கூடாது என்று அதட்டினேன். அக்கா ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

“மிஸ்டர் லிம், நீங்க எப்போலேருந்து தமிழ் பேசுறீங்க?”

நின்றுபோன பட்டை

டேட்டாபேஸை மாற்றும் கட்டத்தில், திரையில் நகர்ந்துகொண்டிருந்த பட்டை பாதியில் நின்றுவிட்டது. அண்ணனின் விரல் ‘கேன்சல்’ பட்டனுக்குப் போய்ப் போய் வந்தது. நடுவில் நிறுத்தினால் எல்லாம் பாழ். முதலிலிருந்து தொடங்க நேரமும் கிடையாது. சாப்ட்வேர்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தலைநகர் கே.எல்.லிலிருந்து ஒரு தமிழ் அக்கா, கோயில் மைக்கில் அறிவிப்பு செய்கிற மாதிரி நிதானமாகப் பேசினார். என்னை அறியாமல் நானும் அதே ராகத்தில் நிலைமையை விவரித்தேன். அக்கா கண்டுகொள்ளவே இல்லை.

“பட்டை நிக்கல தம்பி, உள்ள வேலை நடக்குது. மூச்சு நின்னுருக்கறது உங்க அண்ணனுக்குத்தான், அவரைப் பாருங்க.”

யார் தூங்குறது?

பட்டை ஓடி முடிந்தது. ஒவ்வொரு கிளையாகப் பச்சை! தாசேக் கெலுகோர் மட்டும் சாம்பல். அங்குள்ள கிளைச் சர்வருக்கு இன்னும் பழைய வெர்ஷன்; அங்கே இருக்கிறவர்தான் மாற்ற வேண்டும். அங்கே ஞாயிறு டியூட்டியில் இருந்த மூர்த்தி அண்ணன் போனை எடுக்கவில்லை. மூன்றரைக்கு வந்து சேர்ந்த நிஜ லிம் கூப்பிட்டும் எடுக்கவில்லை. குணா அண்ணன் தாடியைத் தடவிக்கொண்டு பழைய வெர்ஷனுக்குத் திரும்பத் தயாரானார்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன வாரம் விளையாட்டாக, ஒரு கிளையின் விளக்கு பச்சையாக இல்லாவிட்டால் இங்கேயும் அந்தக் கிளையிலும் ‘பீப்’ என்கிற அலாரத்துக்குப் பதிலாக லிம் குரலில் நான் ஒன்று பதிந்து போட்டிருந்தேன். பேக்கப்பிலிருந்து செட்டிங்ஸை மீட்டபோது அதுவும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. அப்கிரேடுக்காக நிறுத்தி வைத்த அலாரத்தைத் திறந்துவிடச் சொன்னேன். அண்ணன் திறந்தார். எங்கள் ஸ்பீக்கரிலும் தாசேக் கெலுகோர் ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் லிம் கர்ஜித்தார்: “ஹலோ! சியாப்பா தீடோர் லா?” யாருடா தூங்குறது என்று மலாயில்.

அடுத்த நொடி மூர்த்தி அண்ணனின் போன். தூங்கவே இல்லை என்று தானாகச் சத்தியம் செய்தார். நான் சொல்லச் சொல்லப் புது வெர்ஷனை ஏற்றினார். நாலு அடிப்பதற்குள் பச்சை! குணா அண்ணன் நாற்காலியில் அப்படியே சரிந்தார். லிம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்தேன் என்று நினைத்தேன். மலாயில் மெதுவாகச் சொன்னார், தமிழில் தருகிறேன்:

“அந்த அலாரத்தை எடுத்துடாதே. நான் கூப்பிட்டா மூர்த்தி எடுக்கறதில்லை.”

ஆக, தைப்பூசத்தன்று குணா அண்ணன் காவடியோடு தண்ணீர்மலை ஏற, ஆபீஸ் போனுக்குக் காவலாக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், லிம்மாகப் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தானாம்.