டிரைவர் ஐயாவிடம் யாரும் சொல்லவில்லை

இது எனக்கு நடந்தது. கொலுசுச் சத்தம், வெள்ளைப் புடவை, நரி ஊளை எல்லாம் எதிர்பார்ப்பவர்கள் வேறு கதைக்குப் போய்விடலாம். நான் சொல்லப்போவது பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் செருகும் நேரத்தில் நடந்தது. இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பிணத்தைப் பார்த்து நான் பயந்ததில்லை. உறவுக்காரர்களைப் பார்த்தால்தான் பயம்.

இனி எந்த மருந்தும் கேட்காது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்கள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்கும் இல்லம் எங்களுடையது. வாசல் போர்டிலேயே அது எழுதியிருக்கும். பஸ் ஓட்டி ரிட்டயரான டிரைவர் ஐயாவை எங்களிடம் அழைத்து வந்த அன்று அந்த போர்டின் மேல் ஒரு போர்வை தொங்கியது. அவருடைய மூத்த மகன் முன்னாடியே வந்து, ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டியிருந்தான்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது சிஸ்டர். கேஸ் ட்ரபிள்னுதான் சொல்லியிருக்கோம்."

மனிதருக்குக் கணையத்தில் புற்றுநோய். கேஸ் ட்ரபிளாம்! நான் நேரே மேனேஜரிடம் போனேன். குடும்பங்களின் உணர்வுகளை மதிப்பது எப்படி என்று முந்தின வாரம்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். "அவங்க வழக்கம் அப்படி. நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார். படுத்திருப்பவருக்கும் உணர்வு இருக்குமே என்றேன். காபி ஆறுகிறது என்றார்.

மூத்தவன் ஆப்பிள் வாங்கி வந்து, தானே தின்றுவிட்டுப் போவான். இளையவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, சிரிங்க" என்பான். மகள் வராந்தாவில் மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போய், "என்னப்பா, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!" என்பாள். எல்லாம் பாசமாம். அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

அவர் கேட்டது என்னைத்தான். "எப்போம்மா வீட்டுக்கு விடுவீங்க? பஸ் ஓட்டிக் கட்டின வீடும்மா. ஒரு நாளாவது என் கட்டில்ல படுக்கணும்."

வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தினமும் வந்து பார்க்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். மகள் குரலைத் தாழ்த்தினாள். "அங்க செத்துப்போயிட்டா அப்புறம் எங்களால எப்படி சிஸ்டர் அந்த வீட்ல இருக்க முடியும்?"

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மூச்சு அடங்கும் நேரத்தில் காதருகே குனிந்து, "பயப்படாதீங்க, நிம்மதியா போங்க" என்று சொல்வோம். காதுதான் கடைசியாக அடங்கும் என்பார்கள். டிரைவர் ஐயாவின் மூச்சு ஒரு நாள் காலையில் இழுக்க ஆரம்பித்தது. நான் குனிந்தேன். மகள் என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"வேண்டாம் சிஸ்டர்... காதுல விழுந்துடும்!"

யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே அவர் போனார். எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள், இரண்டே முக்கால் மணி.

ட்ர்ர்ர்...

நாலாம் அறையிலிருந்து நர்ஸைக் கூப்பிடும் மணி. அவருடைய அறை. மெத்தையை வெயிலில் போட்டிருந்தோம். உள்ளே யாரும் இல்லை. எந்தக் கழுதை விளையாடுகிறது என்று எரிச்சலோடுதான் போனேன்.

மணி சுவிட்ச், வயர் சுற்றி, அலமாரிக்குள் இருந்தது. சுற்றி வைத்தவளே நான்தான்.

ட்ர்ர்ர்...

தைல வாசனை. அவர் நெற்றியில் நான் தினமும் தேய்த்துவிட்ட அதே தைலம்.

வெறும் இரும்புக் கட்டில். கிறீச்... யாரோ புரண்டு படுத்தார்கள்.

"எப்போம்மா வீட்டுக்கு விடுவீங்க?"

ஓடியிருப்பேன். ஆனால் அந்த மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள். பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. செத்தவரிடமும் நான் பொய் சொல்ல வேண்டுமா?

"ஐயா... நேத்து காலையில நீங்க இறந்துட்டீங்க."

கட்டில் சத்தம் நின்றது.

"கேஸ் ட்ரபிள்னாங்களே..."

"இல்லைங்கய்யா. புற்றுநோய்."

"பசங்களுக்குத் தெரியுமா?"

"முதல்லருந்தே தெரியும்."



"அப்ப... வீட்டுக்குப் போலாமா?"

"போங்கய்யா. உங்க வீடு. யாரையும் கேக்க வேண்டாம்."

கிறீச்...

சரக்... சரக்... செருப்புச் சத்தம்.

என்னைத் தாண்டியது. ஒரு பக்கம் முழுக்கச் சில்லிட்டது.

வாசல் கதவு திறந்தது.

மூடியது.

அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் வந்து நின்றார்கள். யாரும் தூங்கிய முகமாக இல்லை. மேனேஜரும் கூட நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம் எல்லாரும் வெளியே போயிருந்தோம்" என்றான் மூத்தவன். "மூணு மணிக்குத் திரும்பினா, வீட்டுக் கதவு உள்பக்கமா தாழ் போட்டிருக்கு. உடைக்கலாம்னு கார்பென்டரைக் கூப்பிட்டோம். உள்ள அப்பா குரல்லயே யாரோ இருமினாங்க. கார்பென்டர் உளியைப் போட்டுட்டு ஓடிட்டார்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் சிஸ்டர் வந்து அப்பாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

"என்னன்னு?"

"அவர் செத்துட்டார்னு. பாவம், அவருக்குத் தெரியல போல..."

எனக்குச் சிரிப்பு வந்தது. கையை விடுவித்துக்கொண்டேன்.

"தெரியும். நேத்தே நான் சொல்லிட்டேன்."

மேனேஜர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

அவர்கள் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் விளக்கு எரிகிறதாம். பிள்ளைகள் போய்க் கூப்பிட்டால் மட்டும் அணைந்துவிடுகிறதாம்.