வெள்ளைத்துரை பார்த்த அருவி

எம். புதுப்பட்டி முருகம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பட்டாசுக் கம்பெனிக்குப் போனான், நடுவுள்ளவன் திருப்பூருக்குப் போனான். கடைக்குட்டி வெள்ளைத்துரைதான் சிவகாசி அச்சாபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் செய்கிற வேலைக்கு வந்தான். “எம்மவன் வெயில்ல நிக்கல, வெடிமருந்து தொடல” என்று முருகம்மாள் சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். வெயிலில் நிற்கவில்லைதான். உட்கார்ந்த இடத்திலேயே கழுத்து வளைந்து, கண் உள்ளே போய், நாற்பது வயசுக்குள் ஆள் பாதியாகிப்போனான்.

அச்சாபீஸ் வேலைக்கு ஓய்ச்சல் கிடையாது. தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை, சித்திரையில் நோட்டு அட்டை, அது முடியுமுன்னே பட்டாசு லேபிள், அதன் தலைமேலேயே காலண்டர். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருசத்துக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு ஏஜண்டுகள் கையில் கொடுத்தாக வேண்டும். குற்றாலத்தில் தண்ணீர் விழுவதும் அந்த ஆடியில்தான்.

இங்கேதான் அவன் பாடு சிக்கிக்கொண்டது. பெண்டாட்டி பாண்டிச்செல்வி அவனுக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். பங்குனியில் கல்யாணம் முடிந்து மறுவாரம் குற்றாலம் போனார்கள். பாறை காய்ந்து கிடந்தது. குரங்கு வந்து அவள் தலைப்பூவைப் பிடுங்கிக்கொண்டு போனது. “ஆடியில கூட்டிட்டு வாரேன்” என்று அந்தப் பாறையில் நின்று சொன்னான். அப்புறம் வந்த ஆடியெல்லாம் ஆல்பத்தோடு போயிற்று. அவளும் கேட்டுக் கேட்டு, கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் விட்ட பிறகுதான் அவனுக்கு அது நெஞ்சில் உறுத்த ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து ஏழில் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மதுரையிலிருந்து வந்து பூட்டிக்கொடுத்த ஆள், போகும்போது ஒரு விளையாட்டையும் போட்டுவிட்டுப் போனான். கத்தியைத் தூக்கிக்கொண்டு பேய் பிசாசுகளை வெட்டுகிற விளையாட்டு. வெள்ளைத்துரை ஒரு பேயையும் வெட்டவில்லை. மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு உள்ளே போனால், பேய் வருகிற பாதையை விட்டு விலகி மலை, காடு, ஏரி என்று நடப்பான். போகப் போக நாடு விரிந்துகொண்டே போகும். பார்வைக்கு நல்ல இடம் வந்தால் நின்று, கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டுவான். திரையில் தெரிகிறது அப்படியே படமாகிப் பதிந்துகொள்ளும். ஒருநாள் அந்த நாட்டின் வடகோடியில் ஓர் அருவியைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை. தினமும் அதன் எதிரே போய் நின்றுகொண்டான்.

ஆடி பிறந்தது. முதலாளி ஜெயச்சந்திரன் ஒரு மத்தியானம் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

“ஏலே வெள்ளை, இது எந்த ஊரு?”

“ஊரு இல்ல அண்ணாச்சி. விளையாட்டு.”

“எதுவா இருந்தா என்னலே, தண்ணி விழுதுல்ல. ஆல்பத்துக்கு ஒரு சீனரி குறையுது. போன வருசம் மல்லாங்கிணத்து ஏஜண்டு என்ன சொன்னான்? ‘அதே மலை, அதே வீடு, ஆடு மட்டும் இடம் மாறி மேயுது’ன்னான். இதப் போட்டுரு.”

“ஆட்ட நாந்தான் மாத்தி மேய விட்டேன். நீங்கதான சொன்னீக.”

“அதான் சொல்றேன். இத முடிச்சுக் குடு, ஞாயித்துக்கிழம உனக்கு லீவு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போ.”

இந்தச் சொல்லை எத்தனை ஆடியாகக் காத்திருந்தான்! பாண்டிச்செல்வியின் சித்தி வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்கு வேன் பிடித்திருந்தார்கள். இரண்டு இடம் சொல்லிவைத்தான்.

ஆனால் வேலை லேசில் முடியவில்லை. திரையில் பிடித்த படம் தீப்பெட்டி லேபிள் அளவுக்குத்தான் தாங்கும். காலண்டர் அட்டைக்கு இழுத்தால் கட்டம் கட்டமாய் உடைந்துபோகும். அதனால் ஒரே பாறையில் நின்றபடி, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பி, அருவியைத் துண்டு துண்டாய்ப் பிடித்து ஒட்டினான். அந்த நாட்டில் பொழுது சட்டென்று சாய்ந்துவிடும். நாலு துண்டு பிடிப்பதற்குள் வெளிச்சம் மாறிப்போகும். மறுபடி அடுத்த அந்திக்குக் காத்திருக்க வேண்டும். நிற்கப் போன இடத்திலும் வேலை வந்து ஏறிக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் அச்சு ஓடி முடிந்தது. கலர் சரியாக இருந்தது. முதலாளி முதுகில் தட்டினார்.

சாயங்காலம் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பாண்டிச்செல்வி வேனுக்குப் புளியோதரை கிண்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. மேல இது என்ன மச்சான், செவப்பா?”

“நிலா.”

“அப்ப இங்கன இருக்கிறது?”

“அதுவும் நிலாதான்” என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அந்த நாட்டு வானத்தில் இரண்டு நிலா. நின்று நின்று பழகிப்போன கண்ணுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. மற்றவர்கள் கலரைப் பார்த்தார்களே தவிர வானத்தைப் பார்க்கவில்லை.

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கீழ தேதித்தாள்ல அமாவாசைன்னு போடுவீகளே, அது எந்த நிலாவுக்கு?” என்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

“பேசாம இருங்க. எவன் பாக்கப் போறான்? காலையில அஞ்சு மணிக்கு வேன்.”

“பஞ்சாங்கம் பாக்கிறவன்தான் காலண்டரு வாங்குவான் புள்ள. ஒருத்தன் பாத்தாப் போதும், அண்ணாச்சிய ஊரே சிரிக்கும்.”

“நாம போயிட்டு வந்து சொல்லுங்க.”

“நாளைக்கு அட்டையில ஒட்டிருவாக. பெறகு என்னத்தச் செய்ய?”

அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் சைக்கிளை எடுத்தான்.

ஜெயச்சந்திரன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஏலே, ஒரு நிலாவுக்குத்தானலே ஆர்டர் குடுத்தேன்!” என்றார். திரும்ப அச்சடிக்க நாளில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த ‘ஓம்’ அச்சு கண்ணில் பட்டது. சிவப்பு நிலாவின் மேல் தங்கநிறத் தாளை வைத்து ஒரு ஓம் அடித்தால் மறைந்துபோகும். ஆனால் ஓம் அடிக்கிற மெஷினில் தாளை ஒன்றொன்றாய்க் கையால்தான் கொடுக்க வேண்டும். மெஷின்காரர் நாகையா ஏதோ விசேச வீட்டுக்குப் போயிருந்தார்.

“நாளைக்கு நீதான் உக்காரணும். லீவ அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“சரி அண்ணாச்சி” என்றான். மறுத்துப் பேசுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வீட்டுக்கு வந்து, “நீ போயிட்டு வா” என்றான்.

“தனியாவா?”

“உங்க சித்தி இருக்காகல்ல. ஒரு ஆளாச்சும் நனைஞ்சிட்டு வரட்டும்.”

அவள் புளியோதரையைத் தூக்குச்சட்டியில் அள்ளி வைத்தாள். விடியுமுன்னே வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் ஓம் அடித்தான். தாளை வைக்க, அழுத்த, எடுக்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டினான். விரலெல்லாம் தங்கப்பொடி. அதைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை.

பாண்டிச்செல்வி இருட்டும் வேளையில் வந்தாள், தலை இன்னும் ஈரமாக. பேசவே கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அவன் இருந்த இருப்பைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தண்ணி விழுந்துச்சா?” என்று கேட்டான்.

“விழுந்துச்சாவா! கேளுங்க. ராஜபாளையம் தாண்டவும் வேன் நின்னு போச்சு. சித்தி எறங்கித் தள்ளுச்சு, நம்ப மாட்டீக. தென்காசிகிட்ட போகவுமே சாரல். சன்னல மூடுன்னா ஒருத்தரும் மூடல. எறங்குனா எங்க பாத்தாலும் எண்ண தேச்ச முதுகுதான். பொம்பளைங்க வரிசை அருவிகிட்ட இருந்து கடைத்தெரு வரைக்கும். சத்தம் மட்டும் முன்னாலயே கேக்குது மச்சான், உங்க அச்சாபீசுல மொத்த மெஷினும் ஓடுற மாதிரி. வரிசையில நிக்கயில…”

திரும்பிப் பார்த்தாள். அவன் தலை ஒருபக்கமாய்ச் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

“இன்னும் தண்ணிக்கே போகலையே” என்றாள்.

எழுப்பவில்லை. தலையணையை எடுத்து வந்து கழுத்துக்குக் கீழே கொடுத்துவிட்டு, ஈரத்துணியைக் கொடியில் போடப் போனாள்.