தவிடு கொடுத்துப் பெற்ற பிள்ளை

1943, ஐப்பசி. குன்றாண்டார்கோவிலை அடுத்த சிற்றூர் ஒன்றில், மாட்டுக்கொட்டகைத் தூணில் காலைக் கட்டிவைத்த நிலையில் ஒரு பெண் குழந்தை காணப்பட்டது. பெயர் செல்லாயி. வயது ஏழு இருக்கலாம். கணுக்காலில் கயிற்றுத் தழும்பு. முதுகில் விறகுக்கட்டை பட்ட காயங்கள், சில பழையவை. அந்திக்குப் பின் பார்வை இல்லை.

அதே மாதம். தவிடு கொடுத்துக் குழந்தையைப் பெற்றோம். புதுக்கோட்டை மருத்துவமனையில் சேர்த்தோம். இடது கண் போயிற்று.

1944, தை. வலது கண்ணில் அந்திப் பார்வை திரும்பியது.

பங்குனி. உறவினர் குழந்தையை அழைத்துச் சென்றனர்.

ஆனி. செல்லாயி இறந்தாள்.

நடந்தவை இவ்வளவே. பிறர் பெற்ற பிள்ளையின் நோயைத் தம் வீட்டில் வைத்துப் பார்க்க நேர்ந்தவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அடிபட்டும் பட்டினி கிடந்தும் வளரும் குழந்தைகளுக்காக எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தோம். ஒரு மருத்துவர், ஒரு வக்கீல், நான், என் மனைவி மீனாட்சி, இன்னும் சில குடும்பங்கள். சபைக்கென்று கட்டடம் இல்லை. குழந்தைகள் எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். அதிகாரமும் இல்லை. கேட்டுப் பெறுவது ஒன்றே எங்களுக்கிருந்த வழி.

செல்லாயியைப் பற்றி அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் சொல்லியனுப்பினார். தாய் இறந்துவிட்டாள். தகப்பன் மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன். யுத்தம் வந்தபின் கடிதம் நின்றுபோயிற்று. பெரியப்பன் வீட்டில் வளர்ந்தாள். நாங்கள் போனபோது அவளைக் கட்டியிருந்த கயிற்றை மறைக்க யாரும் முயலவில்லை.

“காலையில ஊசியில நூலு கோத்துக் குடுப்பா இவ,” என்றாள் பெரியம்மா. “பொழுது சாஞ்சா மட்டும் கண்ணு தெரியலயாம். குடத்தைப் போட்டு ஒடைக்கிறா, அடுப்புல போயி விழுறா. எல்லாம் வேலைக்கு ஏய்க்கிற நடிப்பு. அவுத்துவிட்டா கெணத்துல விழுந்து எங்க தலையிலதான் பழியப் போடுவா.”

இது மாலைக்கண் (அந்தி மங்கியதும் பார்வை மறையும் நோய்). சத்துள்ள உணவில்லாத குழந்தைகளுக்கு வருவது. பகலில் கண் தெரிவதே இந்நோயாளியின் துரதிர்ஷ்டம். அவள் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ ஒரு குழந்தை மாலையில் மட்டும் தடுமாறினால், தயவுசெய்து முதலில் அதன் சொல்லை நம்புங்கள்.

எங்களுடன் வந்திருந்த மருத்துவர் அவள் இமையை விலக்கிப் பார்த்தார். வெண்விழி வறண்டு சுருங்கியிருந்தது. இடது கருவிழி பால் கலந்த நீரைப்போல் மங்கியிருந்தது. “இன்னைக்கே வண்டி ஏத்தணும். நாளைக்குன்னா ரெண்டு கண்ணும் இருக்காது,” என்றார்.

பெரியப்பன் இசையவில்லை. “தம்பி மகளை அன்னியர் தூக்கிக்கிட்டுப் போனா ஊருல என்ன பேசுவாங்க? சோறு போட வக்கில்லாதவன்னு சொல்லமாட்டாங்களா?”

ஊர்த் தலைவரான அம்பலக்காரர்தான் வழி சொன்னார். நோயில் விழுந்து எழாத பிள்ளையை, அதைப் பிடித்திருக்கும் கெட்ட காலம் ஏமாறட்டும் என்று, தவிட்டுக்கு விற்பது அப்பக்கத்து வழக்கம். விற்றால் பிள்ளை இன்னொருவருடையது. அதைத் தேடிவரும் தீங்கு வெறும் வீட்டைக் கண்டு திரும்பும்.

செல்லாயியை முறத்தின்மேல் நிற்கவைத்தார்கள். மீனாட்சி ஒரு படி தவிட்டைப் பெரியம்மாவின் மடியில் கொட்டினாள். “இனி இவ எம் பிள்ளை இல்லை, ஒம் பிள்ளை,” என்று ஊரறிய மும்முறை சொல்லிக் கையைப் பிடித்துக் கொடுத்தாள் பெரியம்மா. எங்கள் வக்கீல் வண்டியில் ஏறியதும், “இத்தனை சாட்சி! இதைவிட உறுதியான கைமாற்றத்தை நான் கோர்ட்டிலும் பார்த்ததில்லை,” என்றார். நாங்கள் அனைவரும் அவ்வாறே எண்ணினோம்.

இடது கண்ணில் கருவிழி உருகல் (கருவிழி மென்மையாகிக் கரைந்து, கண் இருந்த இடம் சுருங்கிவிடுவது) தொடங்கியிருந்தது. தடுக்க முடியவில்லை. வலது கண்ணுக்குச் சுறா ஈரல் எண்ணெய். யுத்த காலத்தில் வெளிநாட்டு மீனெண்ணெய் கிடைக்காததால் நம் கடற்கரையிலேயே காய்ச்சி எடுத்தது. நாற்றம் தாளாது. என் மனைவி அதுவரை மீன் வாடையை வீட்டு வாசலில் அனுமதித்தவளல்லள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்துவாள். குழந்தை அதைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்த வாயில் எண்ணெய் போய்விடும். வேறு உபாயம் எங்களுக்குப் பலிக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபின்னும் மாலைகள் கடினமாக இருந்தன. வெயில் சாயத் தொடங்கியதுமே தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். பெரியப்பன் வீட்டில், கட்டுவதற்கு முன் தானே போய் நிற்கப் பழகியிருந்தாள். அதனால் மற்ற வீடுகள் ஏற்றுவதற்கு வெகு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே, நாங்கள் விளக்கேற்றினோம்.

“விளக்கு ஏத்தியாச்சாங்கய்யா?”

“ஏற்றியாயிற்று அம்மா.”

“இப்ப இருட்டா, எனக்கு மட்டும் இருட்டா?”

ஒவ்வொரு மாலையும் இதைக் கேட்டாள். ஒவ்வொரு மாலையும் உண்மையையே சொன்னேன்.

தை மாதத்தில் ஒரு மாலை, கேட்கவேண்டிய நேரத்தில் அவள் கேட்கவில்லை. மீனாட்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆத்தா மூக்குத்தி மினுங்குது,” என்றாள். என் மனைவி முகத்தை அசைக்காமல் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அச்செய்தியை மருத்துவர் மகிழ்ந்து பலரிடம் சொன்னார். அது அவளுடைய ஊருக்கும் போயிற்று.

பங்குனியில் பெரியப்பனும் பெரியம்மாவும் வந்தார்கள். தேங்காய், பழம், அவளுக்குப் புதிய பாவாடை, எங்களுக்குத் திருப்பித் தர ஒரு படி தவிடு.

“கண்டம் கழிஞ்சிருச்சுங்க. வித்த பிள்ளைய மீட்டுக்கிட்டுப் போக வந்திருக்கோம்,” என்றார் பெரியப்பன்.

“மும்முறை சொல்லிக் கொடுத்தீர்களே,” என்றேன்.

பெரியம்மா சிரித்துவிட்டாள். “என்னங்கய்யா நீங்க! தவிட்டுக்கு ஒரு கன்னுக்குட்டி குடுப்பாங்களா? பிள்ளைய யாராச்சும் நெசமாவே குடுப்பாங்களா? பொழைக்கணும்னுதானே வித்தோம். பொழைச்சிட்டா, அழைச்சிட்டுப் போறோம்.”

அவள் சொன்னதில் வஞ்சகம் இல்லை. பிள்ளை நலமடைந்தால் விற்றவரிடம் திரும்புவது அவ்வழக்கத்தின் மறுபாதி. நாங்கள் முன்பாதியை மட்டுமே கண்டோம். செல்லாயியின் கண்ணில் ஏறிய ஒவ்வொரு சொட்டு வெளிச்சமும் அவளைத் திரும்ப அழைத்துச் செல்லும் வழியையே துலக்கிக்கொண்டிருந்தது. வைத்தியம் தவறினாலும் அவளை இழந்திருப்போம், பலித்ததாலும் இழந்தோம்.

மறுக்க முடியுமா என்று சபை கூடிப் பேசியது. தகப்பன் இல்லாத இடத்தில் பெரியப்பனே பொறுப்பாளன் என்றார் வக்கீல். அதைவிட வேறொன்று எங்களைக் கட்டியது. அதே வட்டாரத்தில் இன்னும் இரு வீடுகளில் குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மீட்க வந்தவரிடம் பிள்ளையைத் தராதவர்கள் என்ற பெயர் பரவினால், அக்கதவுகள் திறக்கமாட்டா.

“அடிக்கமாட்டேன் ஆத்தா, சத்தியமா,” என்று பெரியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னாள். “நோயின்னு தெரியாம அடிச்சுப்புட்டேன்.” எண்ணெய்ப் புட்டியை வாங்கிக்கொண்டாள். செல்லாயி தூணைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில் அவள் தூணைப் பிடித்தது அன்று ஒருமுறைதான். விரல்களை மீனாட்சிதான் பிரித்தாள்.

பெரியம்மா தன் சொல்லைக் காத்தாள். எண்ணெய் தீரும்போதெல்லாம் ஆள் வந்து வாங்கிச் சென்றான். பிறகு ஆனியில் ஆள் வரவில்லை. நானே புட்டியோடு போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

மணல்வாரி அம்மை (உடலெங்கும் சிறு தடிப்பு எழும் காய்ச்சல்). இது சத்துக் குறைந்த குழந்தையின் கண்ணையும் உயிரையும் சேர்த்துத் தாக்கும். எண்ணெய் மிகவும் வேண்டியது அப்போதுதான். ஆனால் அம்மை கண்ட வீட்டில் மருந்தும் கூடாது, மீனும் கூடாது, வெளியூர் ஆள் படியேறவும் கூடாது.

“மாரியாத்தா எறங்கட்டுங்கய்யா. தலைக்கு மூணு தண்ணி ஊத்தின பெறகு வாங்க,” என்று உள்ளிருந்தே சொன்னாள் பெரியம்மா. அழுதிருந்த குரல். நான் எடுத்துச் சொன்னேன், இறைஞ்சினேன். “சாமி குத்தம் ஆயிருங்க. அங்கிட்டு நில்லுங்க, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்,” என்றாள்.

வெயிலில் நின்றேன். உச்சி வேளை. என் நிழல் காலடியில் கிடந்தது. அப்போது உள்ளே அந்தக் குரல் கேட்டது.

“விளக்கு ஏத்தியாச்சா ஆத்தா?”

அந்த வாரமே அவள் இறந்தாள்.

எனக்கு இப்போது கண்புரை (விழிக்குள் படரும் வெண்மறைப்பு). வெளிச்சம் குறைவது வெளியிலா என்னுள்ளா என்று தெரியாத ஒரு பொழுது தினமும் வருகிறது. மற்றவர்களின் மாலைக்கு வெகு முன்பே என் மாலை தொடங்கிவிடுகிறது. மீனாட்சியை அழைத்து, இருட்டிவிட்டதா என்று கேட்கிறேன். “எல்லாருக்கும்தான்,” என்கிறாள். சில நாள் பதில் சொல்வதில்லை. அன்று எனக்கு மட்டும் என்று அறிந்துகொள்கிறேன்.

செய்யாமல் நிற்பவை:

அம்மை கண்ட வீட்டிலும் எண்ணெய் கொடுக்கலாம் என்று பூசாரிகளைக் கொண்டே சொல்லவைப்பது. இருவரிடம் பேசினேன், இசையவில்லை.

மற்ற இரு வீடுகளில் ஒன்றில் கதவு இன்னும் திறக்கவில்லை. மறுபடி போகவேண்டும்.

தகப்பன் திரும்பி வந்தால் அவனிடம் சொல்லவேண்டியதை யோசித்து வைப்பது.

அவர்கள் கொடுத்த தவிடு அப்படியே இருக்கிறது, மாட்டுக்கு வைப்பது.

மற்ற வீடுகள் விளக்கேற்றும் நேரத்தில் நாங்களும் ஏற்றுவது.